அடிபம்பில் தொடங்கிய ஒரு வருடம்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து கூமிக்குப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜிஞ்சாவில் நைல் நதிப் பாலத்தைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களையும் நெல் வயல்களையும் கடந்து போனால் நாட்டின் கிழக்கே, கூமி இருக்கும் டெசோ சமவெளி வரும். மணற்பாங்கான மண், அங்கங்கே பெரிய கருங்கல் பாறைகள், மாமரம், புளியமரம். கேழ்வரகுக் களியை அங்கே அட்டாப் என்கிறார்கள். புளித்தண்ணீர் விட்டுக் கிண்டுவதும் உண்டு. உடுமலைப் பக்கத்தில் பிறந்த எனக்கு முதல் நாளே அந்த ஊர் பிடித்துப்போனதற்கு அந்தக் களியும் ஒரு காரணம். கேழ்வரகு இந்தப் பகுதியிலிருந்துதான், அதாவது உகாண்டா, எத்தியோப்பிய மேட்டு நிலங்களிலிருந்துதான், நம் ஊருக்கு வந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் எட்டுப் பேர். கம்பாலாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஐந்து பேர், உகாண்டாக்காரர்கள் மூன்று பேர். நான் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய உகாண்டா பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி ஆகிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு காலம் பள்ளிகளை மூடி வைக்கவில்லை. என் அலுவலகத்தில் கூமிக்காரர் ஒருவர் இருக்கிறார். தான் படித்த ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். அங்கிருந்து தொடங்கியது. 2023ஆம் ஆண்டு முழுவதும் மூன்று அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு எங்களால் ஆனதைச் செய்தோம். வருடம் முழுக்கச் சேர்ந்த தொகை 16 லட்சம் ரூபாய், அங்கே ஏழு கோடி ஷில்லிங்குக்குச் சற்று மேல். கேட்கப் பெரிதாக இருக்கும். இரண்டு வகுப்பறைக் கட்டடம் ஒன்றைத் தொடங்கியிருந்தால் கூரை போடும் முன்னே தீர்ந்திருக்கும்.

உண்மையில் கட்டடம் கட்டுவதுதான் எங்கள் முதல் ஆசை. பிப்ரவரியில் பள்ளி திறந்த வாரத்தில் மூன்றில் ஒரு பள்ளிக்குப் போனோம். முதல் வகுப்பில் 118 பிள்ளைகள். ஏழாம் வகுப்பில் 23 பேர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் மாமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் கட்டடம்தான் தோன்றும். நான் நோட்டுப் புத்தகத்தில் அளவு எழுத ஆரம்பித்துவிட்டேன். தலைமை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிழல் இருக்கிறது, சமாளிப்போம். முதலில் தண்ணீரைப் பார்க்க முடியுமா?" என்று பின்பக்கம் கூட்டிப் போனார்.

அங்கே நின்றது அடிபம்பு. பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதே இரும்புத் தலை, அதே நீளக் கைப்பிடி. உகாண்டாவில் இதை யு2 என்பார்கள். இந்தியா மார்க் 2 பம்பின் உகாண்டா வடிவம் அது. மார்க் 2 உருவான 1970களில் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள். கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் நட்டு, அடித்துப் பார்த்துச் சோதித்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அடித்துச் சோதித்த பம்பு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி, இங்கே கூமியில் ஒரு பள்ளிக்குப் பின்னால் தண்ணீர் வராமல் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருடமாக ஓடவில்லையாம். பிள்ளைகள் முதல் பாடவேளையை விட்டுவிட்டு மஞ்சள் கேனோடு ஒன்றரை கிலோமீட்டர் போய் வந்தார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

பம்பு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்தார். தலையைக் கழற்றி, கம்பியை உருவி, குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார்கள். ஒரு குழாய் மூன்று மீட்டர். மொத்தம் 14 குழாய். ஆறு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டிய வேலை. எட்டாவது குழாய் வெளியே வந்ததும் மெக்கானிக் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். செங்கல் நிறத்தில் துரு. விரலால் அழுத்தினேன், ஓடு மாதிரி உதிர்ந்தது. உள்ளே ஊசித் துளைகள். கைப்பிடியை எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் பாதி வழியிலேயே ஒழுகிவிடும். சுற்றி நின்ற அம்மா ஒருவர் சொன்னார்: "நிற்பதற்கு முன்னாலேயே ஒரு வருடம் தண்ணீர் சிவப்பாகத்தான் வந்தது. டீ போட்டால் கறுத்துவிடும், துணி பழுப்பாகிவிடும். அதனால்தான் யாரும் ரிப்பேருக்குக் காசு கொடுக்கவில்லை."

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் இருந்தது. அந்தப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அது சில வருடங்களில் தின்றுவிடும். இதனால்தான் உகாண்டா அரசே 2016இல் அத்தகைய குழாய்களைப் பம்புகளில் போடக்கூடாது என்று நிறுத்தியது. பழைய குழாய்கள் மட்டும் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. ஊர்க்காரர்களுக்குப் பராமரிக்கும் பொறுப்பு இல்லை என்று வெளியே இருந்து வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிவப்புத் தண்ணீருக்கு யார்தான் மாதச் சந்தா கட்டுவார்கள்?

துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வாங்கினோம். இதில் ஒரு பாடம். முதலில் போன கடையில் எஃகு என்று சொல்லிக் கொடுத்த ஐந்து குழாய்களில் இரண்டில் மெக்கானிக்கின் காந்தம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினோம். காந்தம் ஒட்டாததெல்லாம் உயர்ந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது. மலிவான ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் ஒட்டாது. ஆனால் பூச்சுக் குழாயை அது காட்டிக்கொடுத்துவிடும். இருபது ரூபாய்க் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய், உருளை, வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 52 லட்சம் ஷில்லிங், நம் பணத்தில் சுமார் 1,17,000 ரூபாய் ஆனது. புதிதாக ஆழ்துளைக் கிணறு போட இதைப்போல் ஐந்து மடங்கு கேட்டார்கள்.

தண்ணீர் தெளிவாக வந்த பிறகு ஊரும் பள்ளியும் சேர்ந்து தண்ணீர்க் குழுவை மறுபடி கூட்டினார்கள். வீட்டுக்கு மாதம் 1,000 ஷில்லிங், அதாவது இருபத்திரண்டு ரூபாய். பொருளாளராக ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு செட் வாஷரும் ஒரு சாவியும் தகரப் பெட்டியில் போட்டு அவர் வீட்டில் வைக்கச் சொன்னோம். காலை எட்டு மணிக்கு மேல் பள்ளி நேரத்தில் பிள்ளைகளுக்கு வரிசையில் முன்னுரிமை என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

சரி, இனி கணக்கு. என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உகாண்டாவில் நடந்த ஒரு கதை உலகம் முழுக்கப் பொருளாதாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். 1990களின் முதல் பாதியில் அரசு பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தில் பள்ளியை அடைந்தது சராசரியாக 13 விழுக்காடுதான் என்று ரெய்னிக்கா, ஸ்வென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மீதி வழியிலேயே போய்விட்டது. அதன் பிறகு அரசு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பியது என்று செய்தித்தாளில் போட ஆரம்பித்தது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001க்குள் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அந்த முன்னேற்றத்தில் செய்தித்தாளின் பங்கு எவ்வளவு, மற்ற மாற்றங்களின் பங்கு எவ்வளவு என்று பின்னால் விவாதம் நடந்தது. எனக்கு அந்த விவாதத்தைவிட சுவர்தான் முக்கியமாகப் பட்டது.

மூன்று பள்ளிகளிலும் வெளிச்சுவரில் கரும்பலகைப் பெயின்ட் அடித்து, எங்கள் பணத்தின் வரவு செலவை ஆங்கிலத்திலும் அந்தப் பகுதி மொழியான அட்டேசோவிலும் எழுத வைத்தோம். முதல் மாதம் எழுதியதும் பெற்றோர் கூட்டம். ஒரு பாட்டி எழுந்து பலகை அருகே போய், ஒரு வரியைக் கைத்தடியால் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார். போக்குவரத்து, 6,40,000 ஷில்லிங். நாங்கள் கம்பாலாவிலிருந்து இரண்டு முறை காரில் வந்து போன செலவு. தலைமை ஆசிரியர் விளக்கினார். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவர்கள் வந்து எங்களைப் பார்த்தது நல்லது. ஆனால் அது பிள்ளைகளுக்கு வந்த பணத்தில் எழுதியிருக்கிறதே" என்றார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் எங்களைக் குறையாகப் பார்க்கவும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கணக்குக் கேள்வி. அன்றிரவே எட்டுப் பேரும் பேசி முடிவெடுத்தோம்: போய்வரும் செலவு முழுவதும் எங்கள் சொந்தப் பையிலிருந்து. எழுதிய தொகையையும் திருப்பிக் கட்டினோம். அதனால் பயணம் குறைந்தது. மாதம் ஒருமுறை என்று நினைத்திருந்தது பருவத்துக்கு ஒருமுறை ஆனது. அப்படிக் குறைந்ததால் அங்கே வேலை எதுவும் கெடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணத்தைக் கைபேசியிலேயே அனுப்பும் மொபைல் மணி வழியாக அனுப்பினோம். ஆனால் பணமாக எடுத்தால் 0.5 விழுக்காடு வரி உண்டு, எடுக்கும் கட்டணமும் உண்டு. அதனால் முடிந்தவரை கடைக்காரருக்கு, தச்சருக்கு, மெக்கானிக்குக்கு நேராகவே அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வாங்கிக்கொண்டோம். ஒரே ஒருமுறை இந்த முறையை மீறினோம். நாற்பது பெஞ்சு பழுதுபார்க்க ஒரு தச்சருக்கு முழுப்பணமும் முன்னதாகக் கொடுத்தோம். பதினொரு பெஞ்சு முடித்ததோடு ஆள் காணாமல் போனார். இப்போது மூன்றில் ஒரு பங்குதான் முன்பணம். ஒவ்வொரு பத்துப் பெஞ்சுக்கும் பள்ளிக் குழுவில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தொகை.

இந்தியாவிலிருந்து அறக்கட்டளை வழியாக இப்படிச் செய்யலாமா என்று ஊர் நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவிட்டால் அந்தத் தொகைக்கு வருமான வரிச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நாங்கள் கம்பாலாவில் சம்பாதித்ததை அங்கேயே கொடுத்தோம். கூமியில் மாவட்டத்தில் பதிவு செய்த உள்ளூர்ச் சமூக அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்கினோம். இதற்கே ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்க்காதீர்கள்.

மதியக் கஞ்சியில் நான் நிறையக் கற்றேன். உகாண்டாவில் 2008 கல்விச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சாப்பாடு பெற்றோர் பொறுப்பு. 1997இல் இலவச ஆரம்பக் கல்வி வந்தபோது பள்ளிகளில் கூட்டம் ஒரே வருடத்தில் முப்பது லட்சத்திலிருந்து ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. அதில் சோறு சேர்த்தி இல்லை. மதிய உணவுத் திட்டத்தில் படித்து வளர்ந்த எனக்கு, பிள்ளைகள் மதியத்தில் வெறும் வயிற்றோடு மர நிழலில் படுத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மக்காச்சோளத்தை நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். எங்கள் குழுவின் கூமிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் எத்தனை வருடம் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் கணக்குப் போட்டோம். ஒரு பருவத்தில் 60 பள்ளி நாள், ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் மாவு. ஆறு கிலோ. அரைவைக் கூலி, கழிவு எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோ மக்காச்சோளம். வீட்டுக்கு வீடு இதைக் கொண்டுவர வேண்டும். பாத்திரம், விறகு குறைவாக எரிக்கும் மண் அடுப்பு, தார்ப்பாய் எங்கள் செலவு. முதல் பருவத்தில் பாதிதான் வந்தது. சில வீடுகளில் மக்காச்சோளமே இல்லை. அவர்கள் விறகாகவோ வேலையாகவோ கொடுக்கலாம் என்று கூட்டம் முடிவு செய்தது. இரண்டாம் பருவத்தில் முக்கால் பங்குக்கு மேல் வந்துவிட்டது. எதுவுமே தராத வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி இல்லை என்று சொல்லக்கூடாது என்பது மட்டும் நாங்கள் வைத்த நிபந்தனை. அதைத் தலைமை ஆசிரியரும் உறுதியாக நின்று காத்தார்.

தார்ப்பாய் ஏன் என்று கேட்கலாம். ஈரம் போகாத மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். கல்லீரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. வெறும் தரையில் காயவைக்காமல் தார்ப்பாயில் பரப்பி, கடித்தால் டக்கென்று உடையும் வரை காயவைத்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். கஞ்சியில் புளி கரைத்து ஊற்றுகிறார்கள். முதல் நாள் ஒரு குவளை குடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கும் மரத்திலிருந்து பறித்த புளி.

புத்தகம் விஷயத்தில் நாங்கள் செய்தது தவறு. கம்பாலாவில் நண்பர்களிடம் பழைய ஆங்கிலக் கதைப் புத்தகம் 300 திரட்டி எடுத்துப்போனோம். பனிமனிதன், கோட்டை, இளவரசி. ஆசிரியைகள் மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தார்கள். இரண்டாம் பருவத்தில் போய்ப் பார்த்தபோது அவை அடுக்கியபடியே இருந்தன. 2007 முதல் உகாண்டாவில் மூன்றாம் வகுப்பு வரை கற்பிப்பது உள்ளூர் மொழியில். அங்கே அது அட்டேசோ. அந்த மொழியில் படிக்கப் பாடநூலைத் தவிர ஒன்றும் கிடையாது. நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறும்போது, தன் மொழியிலேயே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அங்கேயே தடுமாறி விழுகிறது.

ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற திட்டம் ஆப்பிரிக்க மொழிகளில் சிறு கதைகளை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு தருகிறது. அட்டேசோவிலும் உண்டு. பன்னிரண்டு கதைகளை எடுத்துக் கம்பாலாவின் நாசர் சாலையில் கொடுத்தோம். அச்சகங்கள் நிறைந்த தெரு அது. நம் சிவகாசி ஞாபகம் வரும். ஆளுக்கொரு புத்தகம் முடியாது, இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று வந்தது. முதல் நாள் ஒரு சிறுமி பக்கத்தைத் திருப்பாமல் ஒரே படத்தின் கீழ் இருந்த ஒரு வரியை மறுபடி மறுபடி வாசித்தாள். ஆசிரியை அவளிடம் அடுத்த பக்கம் என்றார். அவள் தலையாட்டிவிட்டு அதே வரியை இன்னொரு முறை, இந்தத் தடவை தடுக்காமல், சத்தமாக வாசித்தாள்.

இடி. இதை எங்கள் பட்டியலில் நாங்கள் எழுதியிருக்கவே இல்லை. 2011 ஜூனில் கிரியாண்டோங்கோ பக்கம் ருன்யான்யா ஆரம்பப் பள்ளியில் மின்னல் தாக்கி 18 பிள்ளைகளும் ஒரு ஆசிரியரும் இறந்தார்கள். விக்டோரியா ஏரியைச் சுற்றிய நாடுகளில் இடி மின்னல் மிக அதிகம். தகரக் கூரை, மண் தரை, நூறு பிள்ளைகள் ஒரே அறையில். ஏப்ரலில் ஒரு மதியம் நாங்கள் இருக்கும்போதே வானம் இருண்டது. முதல் இடியில் பிள்ளைகள் எல்லாரும் பெஞ்சின் மேல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்த பழக்கம். அதைப் பார்த்த பிறகு வேறு செலவைத் தள்ளிவைத்தோம். தகுதியான மின் பொறியாளரை வைத்து இரண்டு பள்ளிகளில் இடிதாங்கி போட்டோம். கம்பியைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் உண்டு. ஆள் உயரம் வரை குழாய்க்குள் விட்டு மேலே சிமென்ட் பூசினோம். மூன்றாவது பள்ளிக்குப் பணம் போதவில்லை. அது என் மனதை இன்னும் உறுத்துகிறது.

மிகக் குறைந்த செலவில் நடந்தது ஒரு தாழ்ப்பாள். உகாண்டா பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் விஷயங்களைப் பார்க்க மூத்த ஆசிரியை ஒருவரை நியமிப்பார்கள். மாதவிடாய் நாட்களில் பெரிய பெண்கள் வருவதில்லையே, துணி நாப்கின் வாங்கித் தரட்டுமா என்று அவரிடம் கேட்டோம். "தாருங்கள். ஆனால் முதலில் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடுங்கள்" என்றார். ஐந்து கதவுகளில் ஒன்றுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. நாப்கின் இருந்தாலும் மாற்ற இடம் இல்லை. ஒன்று 15,000 ஷில்லிங். அன்று மாலையே ஐந்தும் போட்டாகிவிட்டது. ஒரு மூலையில் வாளியும் தண்ணீரும் வைத்தோம். நாப்கின் அதற்குப் பிறகு.

நவம்பர் தொடக்கத்தில் ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல். 23 பேரில் 21 பேர் எழுதினார்கள். தேர்வு மையம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் வேனுக்கு மட்டும் நாங்கள் பணம் கொடுத்தோம்.

டிசம்பர் இரண்டாம் வாரம், பள்ளி விடுமுறை விட்ட பிறகு, தண்ணீர்க் குழுவின் பொருளாளர் அம்மாவிடமிருந்து ஒரு அழைப்பு. அந்த ஊர் வழக்கப்படி "யோகா" என்று வணக்கம் சொல்லி, என் மனைவி, பிள்ளைகள் எல்லாரையும் விசாரித்தார். பிறகு, ஞாயிறு அன்று பம்பில் தண்ணீர் நின்றுவிட்டது என்றார். நான் உடனே பேனாவை எடுத்து, எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். "வேண்டாம், திங்கள் மாலையே ஓடிவிட்டது. சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பள்ளிச் சுவர்ப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: வாஷர், பெட்டியிலிருந்து. மெக்கானிக் கூலி 30,000. பெட்டிக்குப் புது வாஷர் 18,000. கையிருப்பு 2,71,000.